யார் செய்த வினை?

தமிழில் 'கருமம்' என்னும் சொல்லைப் போல இரட்டை வேடம் போடும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. காமராசரைக் 'கர்ம வீரர்' என்று போற்றுகிறோம். அங்கே கருமம் என்றால் செயல், அயராத உழைப்பு. அதே நாளில் பேருந்து தவறிவிட்டால் நெற்றியில் அடித்துக்கொண்டு, "எல்லாம் என் கருமம்!" என்கிறோம். இங்கே கருமம் என்றால் தலையெழுத்து. நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்பதற்கு மறுபெயர். செயலைக் குறிக்கப் பிறந்த சொல், கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைக் குறிக்க வந்தது எவ்வாறு? தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் விடுதி நண்பர்கள் இச்சொல்லை எத்தனை முறை சொல்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் ஒரு புள்ளியியல் கட்டுரையே எழுதிவிடலாம். (வெற்றி பெற்றவன் மட்டும் கருமத்தை நினைப்பதில்லை. அவன் தன் உழைப்பைப் பற்றித்தான் பேசுகிறான்.)

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

இப்பல்கலைக்கழகத்திற்கு வருமுன் வடநாட்டு நகரம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். இரசாயனச் சோதனைச்சாலையில் நாங்கள் நால்வர் ஒரே மேசையில் வேலை செய்வோம். ஒரு நாள் மாலை, காஸ்டிக் சோடாக் கரைசல் இருந்த ஒரு பீக்கரை, பெயர்ச்சீட்டு ஒட்டாமல், கழுவும் பாத்திரங்களுக்கு அருகே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் காலை, பாத்திரம் கழுவும் முதியவர் அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவத் தொடங்கினார். காஸ்டிக் சோடாக் கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போல் இருக்கும்; தொட்டால் வழவழவென்று இருக்கும். தோலில் உள்ள கொழுப்பை அது சோப்பாக மாற்றுகிறது. வழவழப்புக்குக் காரணம் அதுதான். முதியவரோ, யாரோ சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, அதையே கொண்டு மேலும் இரண்டு மூன்று பாத்திரங்களைத் தேய்த்தாராம். கையுறை போட்டிருந்தார்; ஆனால் அது விரல்களில் கிழிந்த கையுறை. எரிச்சல் தெரிந்து கையை உதறியபோது தோல் வெந்து போயிருந்தது.

பீக்கர் யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, கட்டுப்போட்ட கைகளோடு வந்தவரிடம் நலம் விசாரித்தேன். "போன பிறவியில் யாருக்கு என்ன செய்தேனோ, பையாஜி! அந்தக் கணக்கு இப்போது தீர்ந்தது" என்றார். அதைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கியதை உணர்ந்த மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் ஒட்டாத பெயர்ச்சீட்டுக்கு அவருடைய முற்பிறவி அல்லவா பொறுப்பேற்றுக்கொண்டது!

இது நியாயந்தானா என்ற கேள்வி என்னை நூலகத்திற்கு இழுத்துச் சென்றது. வினையை ஒரு கடவுள் வழங்கும் தீர்ப்பாகக் கொள்ளாமல், காரண காரிய முறையாகக் காண முயன்றவர் புத்தர் பெருமான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே பௌத்த நூல்களை எடுத்தேன். பாலி மொழி அறியேன். மொழிபெயர்ப்புகளைக் கொண்டே படித்தேன். குற்றம் இருப்பின் கற்றவர் பொறுத்தருள்க.

முதலில் தெரிந்தது, இக்கேள்வி எனக்கு முன்பே ஓர் அரசனை வாட்டியிருக்கிறது என்பது. தீக நிகாயத்தில் வரும் சாமஞ்ஞபல சுத்தத்தில், மகத மன்னன் அசாதசத்துரு ஒரு முழுநிலா இரவில் புத்தரைக் காண வருகிறான். தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன் அவன். தான் முன்பு கண்ட ஆறு ஆசிரியர்கள் சொன்னதையெல்லாம் புத்தரிடம் எடுத்துரைக்கிறான். பூரண காசியபர் என்பவர், கங்கைக் கரை நெடுகக் கொலை செய்து போனாலும் பாவமில்லை, தானம் செய்து போனாலும் புண்ணியமில்லை என்றாராம். மற்கலி கோசாலர், உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே போவதுபோல எல்லா உயிர்களும் விதித்தபடி ஓடித் தீரும், முயற்சி என்பது வெறும் பேச்சு என்றாராம். இந்தக் கோசாலரின் ஆசீவகக் கொள்கை தமிழகத்திலும் பரவியிருந்தது; மணிமேகலையும் நீலகேசியும் அதனோடு வாதிடுகின்றன. தந்தையைக் கொன்ற மகனுக்கு இத்தகைய கொள்கைகள் எவ்வளவு இனித்திருக்க வேண்டும்! பாவமே இல்லை, அல்லது நடந்தது நடந்தே தீரவேண்டியது. ஆனாலும் அவனுக்கு உறக்கம் வரவில்லை போலும். இறுதியில் புத்தரிடம் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறான். புத்தர் அதனை ஏற்கிறார்; குற்றத்தைக் குற்றமென்று கண்டு திருந்துவது வளர்ச்சி என்கிறார். ஆயினும் அவன் சென்றபின் பிக்குகளிடம், தந்தையைக் கொல்லாதிருந்தால் இன்று இவனுக்கு மெய்க்கண் திறந்திருக்கும் என்றும் சொல்கிறார். ஒப்புக்கொண்டது நல்லது, ஆனால் கொலை இல்லாமற் போய்விடவில்லை.

அப்படியாயின் புத்தர் வினை என்று எதைச் சொன்னார்? அங்குத்தர நிகாயத்தில் இதற்கு நேரான விடை இருக்கிறது. சேதனையையே அவர் வினை என்கிறார். சேதனை என்பது ஒன்றைச் செய்யவேண்டுமென்று உள்ளம் எழுவது. அவ்வாறு எழுந்தபின்தான் மனிதன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் வினை செய்கிறான். கை அசைந்தது வினையன்று. அசைத்த எண்ணமே வினை. இக்காலத்து நீதிமன்றங்களும் கொலைக்கும் விபத்துக்கும் வேற்றுமை காண்பது ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான்.

இதைப் படித்தபோது எனக்கு மீண்டும் ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்கமாட்டேன். பீக்கரை அங்கே வைத்தபோது யாரையும் புண்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லையே! ஆனால் வினய பிடகத்தில் உள்ள ஒரு வழக்கு அந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டது. ஒரு பிக்கு ஒரு வீட்டில், துணி போர்த்தியிருந்த இருக்கையொன்றில் அமர்ந்தார். துணிக்கு அடியில் ஒரு குழந்தை கிடந்தது, குழந்தை இறந்துவிட்டது. பிக்கு பதறிப்போய்ப் புத்தரிடம் வந்தார். கொல்லும் எண்ணம் இல்லாமையால் கொலைக் குற்றம் இல்லை என்று புத்தர் தீர்ப்பளித்தார். அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இனி இருக்கையைப் பார்க்காமல் எவரும் அமரக்கூடாது. அமர்ந்தால் அது குற்றம் என்று புதிய விதியும் செய்தார். கொலைகாரன் என்ற பழியை நீக்கியவர், 'பார்க்காமல் உட்கார்ந்தாய்' என்ற பழியை நீக்கவில்லை. பெயர்ச்சீட்டு இல்லாத பீக்கரைப் பற்றி இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சரி, என் பங்கு தெரிந்தது. முதியவர் பங்கு? அவர் கை வெந்தது அவருடைய முற்பிறவி வினையாலா?

இதற்கு விடை சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. விஞ்ஞான மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பகுதி என்று தயங்காமல் சொல்வேன். இராசகிருகத்து மூங்கில் வனத்தில் மோலிய சீவகர் என்னும் துறவி புத்தரிடம் வந்து, மனிதன் நுகரும் இன்பம், துன்பம் யாவும் முன்செய்த வினையாலேயே வருகின்றன என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. சிலேட்டுமத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. இம்மூன்றும் கூடிக் கெடுவதால் வருவது உண்டு. பருவ மாற்றத்தால் வருவது, உடலைச் சரிவரப் பேணாமையால் வருவது, பிறர் தாக்குவதால் வருவது எனப் பின்னும் மூன்று. எட்டாவதாக, எல்லாவற்றிற்கும் கடைசியில், வினைப்பயனால் வருவது. எட்டில் ஒன்று! எல்லாம் முன்வினை என்பவர்கள் தாமே அறியக்கூடியதையும், உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார்.

வாதம், பித்தம், சிலேட்டுமம் என்பவை நம் பாட்டிமார் அன்றாடம் சொல்லும் சொற்கள். அந்தக் காலத்து மருத்துவம் அவ்வளவுதான் அறிந்திருந்தது. இன்று கிருமி என்போம், மரபணு என்போம். பட்டியல் மாறலாம். கண்ணுக்கெதிரே காரணம் கிடக்கும்போது காணாத பிறவிக்கு ஓடாதே என்னும் முறை மாறவில்லை. காஸ்டிக் சோடாவும் கிழிந்த கையுறையும் கண்ணுக்கெதிரே கிடந்தன.

முன்வினையே எல்லாம் என்னும் கொள்கைக்குப் புத்தர் சொல்லும் மறுப்பு ஒன்றும் அங்குத்தர நிகாயத்தில் உள்ளது. அப்படியானால் ஒருவன் கொலை செய்வதும் களவு செய்வதும் பொய் சொல்வதும்கூட முன்வினையால்தான் என்றாகும். பிறகு 'இது செய்யத்தக்கது, இது தகாதது' என்ற பேச்சுக்கே இடமில்லை. கடவுள் படைப்பே எல்லாம் என்பார்க்கும், காரணமின்றியே யாவும் நிகழ்கின்றன என்பார்க்கும் அவர் கொடுக்கும் மறுப்பு இதுவே. மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் வியப்பு. வினைக்கோட்பாட்டின் ஆசிரியர் என்று நாம் நினைப்பவர், 'எல்லாம் வினை' என்பவனை, 'எதற்கும் காரணமில்லை' என்பவனின் பக்கத்தில் உட்கார வைக்கிறார்!

இங்கே ஒரு தடை எழும். அதை நானே எழுப்பிவிடுகிறேன். மச்சிம நிகாயத்தில் சுபன் என்னும் அந்தண இளைஞன், மக்களுள் சிலர் குறைந்த ஆயுளும் சிலர் நீண்ட ஆயுளும், சிலர் வறுமையும் சிலர் செல்வமும் பெறுவது ஏன் என்று கேட்கிறான். கொல்பவன் குறைந்த ஆயுளோடு பிறப்பான், ஈயாதவன் வறியவனாகப் பிறப்பான் என்று அங்கே புத்தர் வினையைத்தான் காரணமாகச் சொல்கிறார். இதை மறைத்துவிட்டு எழுதினால் அது கட்டுரை அன்று, வக்கீல் வாதம். இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

தர்க்க நூல் கொஞ்சம் உதவுகிறது. மலேரியா வந்தால் காய்ச்சல் வரும். அதனால் காய்ச்சல் வந்தவனுக்கெல்லாம் மலேரியா என்று ஆகிவிடுமா? கொல்பவன் துன்புறுவான் என்பதிலிருந்து, துன்புறுபவன் எல்லாம் கொன்றவன் என்று திருப்பிப் படிக்க முடியாது. சுபனுக்குச் சொன்னது செய்பவனை நோக்கிய எச்சரிக்கை. அதைத் துன்புறுபவன்மீது குற்றப்பத்திரிகையாகத் திருப்பியவர்கள் நாம்தாம். இது என் சொந்தச் சமாதானம் மட்டுமன்று. சுபனின் உரையாடலுக்கு அடுத்தே வரும் சுத்தத்தில், தவவலிமையால் மறுபிறப்பைக் காணும் ஒருவர் வருகிறார். பாவம் செய்த ஒருவன் நரகம் புகுவதைக் கண்டு, பாவிகள் எல்லாரும் நரகமே புகுவர், இதுவே உண்மை, மற்றவை பொய் என்று அவர் முடிவு கட்டுகிறார். இன்னொருவர், பாவம் செய்தவன் சுவர்க்கம் புகுவதைக் கண்டு, பாவமென்பதே இல்லை என்கிறார். கண்டதை ஒப்புக்கொள்கிறேன், கண்டதிலிருந்து 'எல்லாரும்' என்று தாவியதை ஒப்பமாட்டேன் என்பது புத்தர் கருத்து. இரண்டு மாதிரிகளை அளந்துவிட்டு நேர்கோடு வரையும் நம் வகுப்பு நண்பர்கள் கவனிக்க. வினைப்பயனின் நுட்பத்தை எண்ணி எண்ணித் துருவப் புகுந்தால் சித்தம் கலங்கும் என்றும் பிறிதோரிடத்தில் எச்சரித்திருக்கிறார்.

திருப்பிப் படித்ததால் விளைந்த கொடுமை சிறிதன்று. பிறந்த சாதியும் பசித்த வயிறும் அவரவர் சம்பாதித்த பயன் என்று சொல்லியே பல கோடி மக்களை இந்நாட்டில் பல நூற்றாண்டுகள் அடக்கி வைத்தார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய டாக்டர் அம்பேத்கர், அவர் மறைவுக்குப்பின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இக்கொள்கையை வன்மையாகக் கண்டிக்கிறார். முற்பிறவி வினையே இன்றைய வறுமைக்குக் காரணம் என்பது புத்தர் கருத்தாக இருக்கவே முடியாது என்பது அவர் துணிபு. சுபனுக்குச் சொன்ன விடை நூலில் இருக்கும்போது அந்த அளவுக்குச் செல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அவர் கோபம் பாய்ந்த இடம் சரியான இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கணக்கு வழக்குபோல, இத்தனை பாவத்திற்கு இத்தனை துன்பம் என்று பௌத்தம் எடை போடுகிறதா? இல்லை என்பதற்கு ஓர் அழகிய உவமை இருக்கிறது. ஒரு கிண்ணம் நீரில் ஓர் உப்புக் கட்டியைப் போட்டால் அந்நீரைக் குடிக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால்? நம் முறையில் கணக்கிடுவோம். 200 மில்லி லிட்டர் நீரில் 30 கிராம் உப்பு என்று கொண்டால், கடல் நீரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரிக்கும். கங்கையிலோ எந்தக் கருவியாலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. உப்பு ஒன்றே, செறிவு வேறு. உள்ளத்தைப் பண்படுத்தாதவனைச் சிறு பாவமும் நரகுக்கு இழுக்கும். உள்ளம் விரிந்தவனுக்கு அதே பாவம் இம்மையிலேயே சிறிது வருத்திக் கழியும். உப்பை எடுத்துவிட வழியில்லை; நீரைப் பெருக்க வழியுண்டு. இவ்வுவமையை அடுத்து, ஏழை அரைக்காசுக்காகச் சிறை செல்கிறான், செல்வன் அதே அரைக்காசுக்குச் செல்வதில்லை என்று இன்னோர் உவமையும் வருகிறது. இருபத்தைந்து நூற்றாண்டு ஆகியும் இது விளக்கவுரை இல்லாமலே விளங்குவது நமக்குப் பெருமை அன்று.

உப்பு எங்கும் போய்விடவில்லை என்பதற்கு அங்குலிமாலர் சான்று. கொள்ளையனாய்க் கொலைகள் பல செய்து, பின்பு துறவு பூண்டு அருகர் நிலை எய்தியவர் அவர். அதன் பின்னும் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி பட்டு, மண்டை உடைந்து, இரத்தம் ஒழுக வந்தார். பொறுத்துக்கொள் என்றார் புத்தர். கவனியுங்கள்: இது தன் செயலை அறிந்தவனிடம், அவனுடைய ஆசிரியர் சொன்னது. கல்லெறிந்தவர்கள் சொல்லிக்கொள்ளத்தக்க சொல் அன்று இது.

ஆன்மா இல்லையென்று சொல்லும் சமயத்தில், செய்தவன் யார், அனுபவிப்பவன் யார் என்று தத்துவ மாணவர்கள் கேட்பார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னன் மினாந்தரும் இதையே கேட்டதாக 'மிலிந்தன் வினாக்கள்' என்னும் நூல் கூறும். நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனைக் காட்டுகிறார். 'இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய். ஆகையால் நான் திருடவில்லை' என்று அவன் வாதாடினால் மன்னர் விடுவாரா? நட்டதிலிருந்து தொடர்ந்து வந்ததுதானே பறித்தது! அதுவேதானும் அன்று, முற்றிலும் வேறும் அன்று. ஆறு மாதத்திற்கு முன் பீக்கரை வைத்தவன் இன்றைய நான் இல்லை என்று நானும் வாதாடலாம். உடம்பின் தோல்கூடப் புதிதாகிவிட்டது. எந்தப் பேராசிரியர் ஒப்புக்கொள்வார்?

இவ்வளவும் வடநாட்டு நூல்களில் தேடியபின், நம் வீட்டு நூலிலேயே என் கேள்விக்கு நேரான விடை இருந்தது கண்டு திகைத்தேன். பள்ளியில் மணிமேகலை படித்தபோது அமுதசுரபியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த இடத்தைக் கோட்டை விட்டிருந்தேன். மணிமேகலை, காயசண்டிகை என்பவளின் வடிவில் புகாரில் உலாவுகிறாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன், அவளைத் தன் மனைவி என்றே நம்புகிறான். அவளைத் தொடர்ந்து நள்ளிரவில் வந்த இளவரசன் உதயகுமரனை, தன் மனைவியை நாடி வந்தவன் என்று எண்ணி வாளால் வெட்டிவிடுகிறான். அப்போது தூணில் உறையும் கந்திற்பாவை பேசுகிறது. உதயகுமரன் இறந்ததற்கு முற்பிறவிக் காரணம் ஒன்று உண்டு என்று நூல் ஒப்புக்கொள்கிறது: உணவு பரிமாற வந்த சமையற்காரன் கால் இடறியதற்காக, அவனை முற்பிறவியில் வாளால் வெட்டியவன் இவன். 'சரி, கணக்குத் தீர்ந்தது, காஞ்சனன் வெறும் கருவி' என்று சொல்லிவிட எவ்வளவு வசதியான இடம்! சாத்தனார் அப்படி விடவில்லை. ஊழ்வினை அவன் உயிரை உண்டது உண்மையாயினும், நீ அறியாமல் தீவினை செய்தாய். அது உன்னையும் விடாது என்று பாவை காஞ்சனனிடமே சொல்கிறது.

வெட்டுண்டவன் கணக்கு வேறு; வெட்டியவன் கணக்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிக்க முடியாது. முதியவருக்கு முற்பிறவிக் கடன் இருந்ததோ இல்லையோ, அது என் ஏட்டில் வரவு ஆகாது.

நூலை மூடியபின் அதே நகரத்துக்குப் போக எனக்கு ஒரு விடுமுறை தேவைப்பட்டது. பழைய சோதனைச்சாலைக்குச் சென்று, மேற்பார்வை பார்த்த ஆசிரியரிடம் முதலில் சொன்னேன். பிறகு பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முதியவரிடம் போய், அன்றைய பீக்கர் என்னுடையது, சீட்டு ஒட்ட மறந்தவன் நான் என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும், பையாஜி. அந்த மேசையில் மற்ற மூவரும் சீட்டு ஒட்டாமல் ஒன்றையும் வைக்கமாட்டார்கள்."

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கிழிந்த கையுறையைத் தூக்கிக் காட்டினார். அதே கையுறை.

"கடைத்தெருவுக்குப் போனால் இதில் ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். பெரிய அளவு."